பதினோரு மணி விலை

முட்டைக்கடைப் பலகையில் விலை மறுபடியும் ஏறியிருந்ததைப் பார்த்ததும் விலைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

அவர் எதையும் விற்பவர் இல்லை. மாதம் பத்தாம் தேதி காலை பதினோரு மணிக்கு முட்டை, எண்ணெய், சோப்பு என்று குறித்த கடைகளில் குறித்த பொருள்களின் விலையை நோட்டில் எழுதி அரசாங்கத்துக்கு அனுப்புவதுதான் அவர் உத்தியோகம். கடைத்தெரு வைத்த பட்டப்பெயர்தான் விலைக்காரர். இப்படி நாடு முழுக்க வரும் நோட்டுகளைக் கூட்டிப் பார்த்து, விலைவாசி ஏறியிருந்தால் மத்திய வங்கி வட்டியை ஏற்றும். வட்டி ஏறினால் ஜனங்கள் கடன் வாங்கிச் செலவழிப்பதைக் குறைப்பார்கள், கடையில் கூட்டம் குறையும், விலை இறங்கும். ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். வீட்டுக் கடன் வாங்கியவன் கதிதான் அதோகதி. விலைக்காரர் வாங்கியிருந்தார், இருபது வருஷத்துக்கு.

"இந்த வருஷம் ரெண்டு தடவை ஏத்திட்டாங்க. இன்னொரு தடவை ஏத்தினா இந்த வீடு நம்மளுது இல்ல," என்றார் மனைவியிடம்.

"ரெண்டு தடவை ஏத்தியும் நம்ம தவணை ஏறலையே?"

"உனக்கென்ன தெரியும்? எனக்குச் சம்பள உயர்வு எப்படி வருது? ரெண்டு வருஷம் இழுத்தடிச்சு, பாக்கியெல்லாம் சேர்த்து வருதில்ல? இதுவும் அப்படித்தான். மொத்தமா வந்து தலையில இறங்கும்."

இருபத்தாறு வருஷம் அரசாங்கச் சம்பளம் வாங்கிய மனுஷன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் நம்பிவிட்டாள். அங்கேதான் வந்தது வினை.

பொய் விலை எழுத அவருக்குக் கை வராது. அதனால் விலையையே இறக்கிவிடுவது என்று முடிவு செய்தார்.

"அக்கா, பத்தாம் தேதி ஒரு நாள் மட்டும் போன வருஷ விலைக்குக் குடுங்க. நஷ்டத்தை நான் தரேன்," என்றார் முட்டைக்காரியிடம்.

"உங்களுக்கு மட்டுமா, வர்றவங்களுக்கெல்லாமா?"

"எல்லாருக்கும்தான். இல்லேன்னா பொய்க்கணக்கு ஆயிடுமே!"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வெயில்ல ரொம்ப நடக்காதீங்க தம்பி," என்று சொல்லிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டாள்.

முதல் மாதம் சுலபமாக முடிந்தது. அதற்குள் சேதி பரவிவிட்டது. அடுத்த பத்தாம் தேதி வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. ஆறு முட்டை வாங்குகிறவர்கள் அறுபது வாங்கினார்கள். மொத்த வியாபாரி சும்மா இருப்பானா? கிராக்கியைப் பார்த்து அவனும் விலையைக் கூட்டினான். விலைக்காரர் ஈடுகட்ட வேண்டிய நஷ்டம் ஐந்து மடங்கானது. மூன்றாவது மாதம் எண்ணெய்க்காரரும் சோப்புக்காரரும் சேர்ந்து வந்து, "எங்களுக்கு மட்டும் ஓரவஞ்சனையா சார்?" என்று வழிமறித்தார்கள். அவர்களுக்கும் கொடுத்தார்.

"தவணைக்கு வச்ச பணம் எங்க?" என்றாள் மனைவி.

"தவணை ஏறாம இருக்கத்தான் செலவாகுது."

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறதுன்னா இதுதான். நம்ம வீட்டுக்கு முட்டை வாங்கி ரெண்டு மாசமாச்சு, தெரியுமா?"

"நல்லதுதானே? நம்மளால கிராக்கி கொஞ்சம் குறையுமில்ல?"

அவள் அழுதாள். ஆனால் பாதிக் கிணறு தாண்டியவர் எப்படித் திரும்புவார்?

நான்காவது மாதம் கூட்டம் தாங்காமல் பத்தரை மணிக்கே முட்டை தீர்ந்துவிட்டது. குறித்த கடையில் சரக்கு இல்லையென்றால் அடுத்த கடை விலையை எழுத வேண்டும் என்பது சட்டம். அடுத்த கடையில் கடைசியாக இருந்த ஒரு தட்டு முட்டையை இரண்டு மடங்கு விலைக்கு வைத்திருந்தான் புண்ணியவான். அதையே நோட்டில் எழுதினார்.

இரண்டு வாரத்தில் மத்திய வங்கி மூன்றாவது முறையாக வட்டியை ஏற்றியது. மறுநாளே கடன் கொடுத்த வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்தது. முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல, மொத்தமா இறக்குவாங்கன்னு!" என்றார். அந்த நிலையிலும் தான் சொன்னது பலித்ததில் மனுஷனுக்கு ஒரு சின்னத் திருப்தி.

இருவரும் வங்கிக்கு ஓடினார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் விலைக்காரர் முட்டை முதல் சோப்பு வரை ஒன்று விடாமல் சொல்லி, "இந்த வட்டி உயர்வை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்று கைகூப்பினார்.

அவள் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மூணு மாசமா நீங்க தவணை கட்டலைன்னுதான் சார் வீட்டை எடுக்கறோம். வட்டியா? உங்க கடனுக்கு இருபது வருஷத்துக்கும் ஒரே வட்டின்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நாட்டுல எவ்வளவு ஏறினாலும் உங்களுக்கு ஒரு காசு ஏறாது."