கொக்கி போட்ட கதை

குழந்தைகளிடம் ‘உண்மையை எழுதுங்கள்’ என்று சொல்லும் எழுத்தாளரை நம்பாதீர்கள். ஒரு காலத்தில் நானே அப்படிச் சொன்னவள் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன். (ஒரே ஒரு முறைதான் சொன்னேன். அதற்கே ஒரு ஊர் இருட்டாகிவிட்டது. அதுவும் பட்டப்பகலில்.)

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. பி.ஏ. முடித்துவிட்டு, திருநகர் வீட்டில் வேலைக்கான கடிதம் வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடைவெளியில் ஒரு சிறுவர் மாத இதழில் என் கதைகள் மூன்று வெளியாகிவிட்டன. மூன்றிலும் அணில்தான் கதாநாயகன். மூன்றாவது கதை வந்த மாதம் நான் என் நடையையே மாற்றிக்கொண்டேன். பால் வாங்கப் போனால்கூட எங்கோ தூரத்தில் எதையோ பார்த்தபடி நடப்பேன். இரண்டு தடவை சாக்கடையில் கால் வைத்திருக்கிறேன்.

அப்போதுதான் அந்தத் தபால் அட்டை வந்தது. அலங்காநல்லூர் தாண்டி ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் எழுதியிருந்தார். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை எழுதும் பயிற்சி ஒருநாள் நடத்தித் தர வேண்டுமாம். ‘தங்களைப் போன்ற மூத்த எழுத்தாளர்’ என்று வேறு இருந்தது. நான் அதை நாலு முறை படித்தேன். அப்பாவும் நாலு முறை படித்தார். என் காரணம் வேறு, அவர் காரணம் வேறு.

அப்பா கரண்ட் ஆபீஸில் பில் செக்‌ஷன் கிளார்க். ‘மீட்டர் தப்பா ஓடுது சார்’ என்று சொல்லி வருபவர்களின் முன்னால் இருபது வருஷம் உட்கார்ந்திருந்ததில், யார் எதைச் சொன்னாலும் நம்பாத குணம் வந்துவிட்டது. அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். போஸ்ட் ஆபீஸ் முத்திரையைப் பார்த்தார்.

“கதை எழுதச் சொல்லிக் குடுக்கவா? அங்க வாத்தியார்க இல்லையா? இதுல என்னமோ இருக்கு.”

“ஒண்ணும் இல்லப்பா. என் கதையப் படிச்சிருக்காரு.”

“அதான் சொல்றேன், என்னமோ இருக்கு.”

முடிவில் அவரும் லீவு போட்டுவிட்டு என்னோடு வருவதென்று ஆனது. ஒரே ஒரு நிபந்தனை: அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று நான் வாயைத் திறக்கக் கூடாது. தெரிந்தால் ஊரே கரண்ட் லயன் வாங்கித் தரச் சொல்லி மொய்த்துவிடுமாம்.

பஸ்ஸிலேயே வினை தொடங்கிவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர், அந்த ஊர்க்காரர்தான், பேச்சுக் கொடுத்தார்.

“யார் வீட்டுக்குண்ணே போறீங்க?”

“யார் வீட்டுக்கும் இல்ல.”

“அப்பறம்?”

“சும்மா.”

“என்ன வேலை பாக்குறீங்க?”

“சும்மா ஒரு வேலை.”

அந்த மனிதர் நிறுத்தத்தில் எங்களுக்கு முன்னால் குதித்து இறங்கி, குறுக்கே வயல் வரப்பில் விறுவிறுவென்று போனார். அவசர வேலை போலிருக்கிறது என்று நினைத்தேன். நாங்கள் சாலை வழியாக நடந்தோம். அப்பா பழக்க தோஷத்தில் வழியெல்லாம் மின்கம்பங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். வாசல்களில் நின்றவர்கள் எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு அம்மா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். எழுத்தாளர் என்றால் கிராமத்தில் எவ்வளவு மரியாதை என்று நான் பூரித்துப்போனேன்.

பள்ளிக்கூட வாசலில் தலைமையாசிரியர் மாலையோடு நின்றார். என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

“எழுத்தாளர் வரலையா சார்?” என்று அப்பாவிடம் கேட்டார்.

“நான்தான் சார் எழுத்தாளர்” என்றேன்.

அவர் நம்பவில்லை. மாலையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அறுபது வயது அம்மையாரை எதிர்பார்த்திருப்பார் போல. “தப்பா நெனைக்காதீங்க. அந்தக் கோயில் கதையில வார அணிலுக்கு என்ன பேரு?” என்று கேட்டார்.

எனக்கு மறந்துவிட்டது. சத்தியமாக மறந்துவிட்டது. நானே வைத்த பெயர். சிண்டுவா, சிட்டுவா என்று முழித்துக்கொண்டு நிற்கிறேன்.

“மிட்டு” என்றார் அப்பா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. “மூணாவது கதையில அதுக்குத் தம்பி ஒண்ணு வரும். பட்டு.”

அவர் என் கதைகளைப் படித்திருக்கிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மாலை என் கழுத்துக்கு வந்தது. ஆனாலும் தலைமையாசிரியர் பாதி சந்தேகத்தோடுதான் போட்டார்.

நாற்பது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா பின்சுவர் ஓரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு கதை எழுதுங்கள் என்றதும் நாற்பது பேரும் ‘ஒரே ஒரு ஊரிலே’ என்று தொடங்கினார்கள். நாற்பது ராஜா, நாற்பது ராணி. எனக்குள் இருந்த மூத்த எழுத்தாளர் விழித்துக்கொண்டார்.

“ராஜா வேண்டாம். பொய் வேண்டாம். உங்க வீட்டுல நீங்க கண்ணால பாத்தது, வெளியில யாருக்கும் தெரியாதது, அப்படி ஒண்ணை எழுதுங்க. அதான் இலக்கியம்!”

(அந்தக் கடைசிச் சொல்லை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.)

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு குனிந்தவர்கள்தான், அரைமணி நேரம் நிமிரவேயில்லை. முதலில் வாசிக்க எழுந்தவள் எட்டாம் வகுப்பு முத்துப்பேச்சி. ஊர்ப் பெரியவர் பெரியகருப்பனின் மகள். அன்று எங்களுக்குச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான்.

“எங்க அப்பா வானத்துல மீன் பிடிப்பாரு” என்று தொடங்கினாள். “சாயங்காலம் ஆனதும் நீளமான மூங்கில் கம்பை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போவாரு. கம்போட நுனியில கொக்கி இருக்கும். கம்பியில மாட்டுனதும் எங்க வீட்டுக்குள்ள வெளிச்சம் வந்து துள்ளும். காக்கிப் பை மாட்டுன ஆள் சைக்கிள்ல வந்தா, அப்பா வெளிச்சத்தத் திரும்ப வானத்துலயே விட்டுருவாரு.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூன்று அணில் கதைகளையும் அங்கேயே கிழித்துப் போட்டுவிடலாம் போலிருந்தது. இலக்கிய போதையில், நான் யாருடைய மகள் என்பதையே மறந்துவிட்டேன்.

“பிரமாதம்! வேற யார் யார் வீட்டுல இப்படி மீன் பிடிக்கிறாங்க?”

பதினோரு கைகள் உயர்ந்தன.

“ரொம்ப நல்லது. எல்லாரும் விவரமா எழுதுங்க! பேரும் போடுங்க!”

ஒருவன் மீட்டர் சக்கரம் சுற்றாமல் இருக்கப் பழைய போட்டோ பிலிம் துண்டைச் செருகும் வித்தையை எழுதியிருந்தான். படம்கூடப் போட்டிருந்தான். இன்னொருத்தி, ஹெட்மாஸ்டர் சார் வாடகை வீட்டுக்கும் தன் மாமாதான் கொக்கி போட்டுக் கொடுத்ததாக வாசித்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். தலைமையாசிரியர் அங்கே இல்லை. அவருக்குத் திடீர் வயிற்றுவலி என்று பியூன் வந்து சொன்னார். அப்பா நாற்காலியில் சரிந்து சரிந்து, தலை மட்டும் தெரிகிற அளவுக்கு இறங்கியிருந்தார்.

மணியடிக்கும் நேரத்தில் முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான். “டீச்சர், பின்னால உக்காந்திருக்காருல்ல, அவர எனக்குத் தெரியும். எங்க அய்யாகூட மதுரைக்கு பில்லு கட்டப் போனப்ப பாத்தேன். கரண்டு ஆபீஸு.”

மணி அடித்தது. நாற்பது பிள்ளைகளும் வீட்டைப் பார்த்து ஓடினார்கள். தாள்கள் அத்தனையும் என் துணிப்பையில்.

பெரியகருப்பன் வீட்டுக்கு நடந்தபோது, தெருவெங்கும் வீட்டு மாடிகளில் ஆண்கள் மூங்கில் கம்போடு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். எனக்கு ஏதோ தோரணம் கட்டுகிறார்கள் என்று தோன்றியது. “வாயத் தொறக்காம வா” என்று அப்பா பல்லைக் கடித்தார்.

பெரியகருப்பன் ஆறடி உயரம், பெரிய மீசை. கும்பிட்டு உட்கார வைத்தார். கோழிக் குழம்பு மணத்தது. ஆவணி மாசப் புழுக்கம். தலைக்கு மேலே மின்விசிறி அசையாமல் நின்றது. அப்பா வியர்வை தாங்காமல் நிமிர்ந்து அதைப் பார்த்துவிட்டார். வீடே மூச்சை அடக்கியது.

“கரண்டு இல்லீங்க சார்” என்றார் பெரியகருப்பன். “இந்தப் பக்கம் கரண்டே வாரதில்லீங்க.”

எதிர்ப்புறம் மாவு மில் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு அடுத்த தர்மசங்கடம், கோழி. சாப்பிட்டால் லஞ்சம் வாங்கியது போல ஆகும். சாப்பிடாவிட்டால் ரெய்டுக்கு வந்தது உறுதியாகிவிடும். கையை இலையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். எனக்கோ, ஏதாவது கலந்திருப்பார்களோ என்று குழம்பின் மேலேயே சந்தேகம். ஆனாலும் பசி. நான் ரெண்டாம் முறை கேட்டேன். யாரும் போடவில்லை.

“சார் வந்த வேலை முடிஞ்சுதுங்களா?” என்றார் பெரியகருப்பன் மெதுவாக.

“நான் சும்மா கூட வந்தேங்க.”

“ஆமா. பஸ்ஸுலயும் அப்பிடித்தான் சொன்னீகளாம். மகள விட்டுப் பிள்ளைக வாயப் புடுங்குறது, அப்பன் சும்மா வாரது. நல்லாத்தான் இருக்கு.” பிறகு என் பையைக் காட்டினார். “அந்தப் பேப்பர வச்சுட்டுப் போங்க தாயி.”

“தர முடியாதுங்க. இது குழந்தைகளோட படைப்பு” என்றேன். (படைப்பாம்!)

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அப்பா எழுந்து, தான் வெறும் பில் கிளார்க், ஏணியில் ஏறினாலே தலை சுற்றும் என்றெல்லாம் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. அப்போதுதான் கதவுக்குப் பின்னால் முத்துப்பேச்சியைப் பார்த்தேன். அவள் அம்மா அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். “ஒன்னய அப்பறம் வச்சுக்கிறேன்” என்றார் பெரியகருப்பன் அவளிடம். அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. காலையில் அவ்வளவு அழகாக வாசித்த முகம் அது. எழுதச் சொன்னது நான். அடி வாங்கப்போவது அவள். என் போதை முழுக்க அந்த ஒரு நொடியில் இறங்கிவிட்டது.

“எல்லாத்தையும் திருப்பித் தாரேன்” என்றேன். “ஆனா ஒரு பிள்ளை மேலயும் கை படக் கூடாது. பட்டா எனக்குத் தெரிஞ்சிரும். அப்பறம் எங்கப்பா…”

அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியாமல் அப்பாவைப் பார்த்தேன். அப்பா பயத்தில் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் பார்வையை வாசல் பக்கம் திருப்பினார். நேர் எதிரே மின்கம்பம். கண்ணிமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த ஒரு பார்வை போதுமாக இருந்தது. கூட்டம் இரண்டடி பின்வாங்கியது.

பெரியகருப்பன் மறுபடி என் பையைப் பார்த்தார். “அப்பிடி என்னதான் எழுதிருக்கா? எனக்கு வாசிக்கத் தெரியாது. நீங்களே வாசிங்க” என்றார் கடைசியில்.

வாசித்தேன். வானத்தில் மீன், துள்ளும் வெளிச்சம், காக்கிப் பை எல்லாவற்றையும். முடித்தபோது அவர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீசை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

“இம்புட்டு நல்லா எழுதிப்புட்டு, கடைசில அப்பன் பேரையும் போட்டுட்டியே தாயி!”

முதலில் அவர் மனைவிதான் சிரித்தாள். பிறகு வாசலும் சிரித்தது. அவர் அந்தத் தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதன்பின் ஒவ்வொருவராக வந்தார்கள். பாதிப்பேருக்கு எழுத்து தெரியாது. தங்கள் பிள்ளை என்ன எழுதியிருக்கிறது என்று ரகசியமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் தாளை வாங்கிப்போனார்கள். அந்த வட்டாரத்திலேயே பேர்பெற்ற மாடுபிடி வீரர் ஒருவர் வந்தார். அவர் பல்லிக்குப் பயந்து கட்டில் மேல் ஏறி நிற்பதை அவர் மகன் எழுதியிருந்தான். “மெதுவா வாசிங்க டீச்சர், மச்சினன் பின்னாடி நிக்கிறான்” என்று கெஞ்சினார்.

திரும்பும் பஸ்ஸில், மதுரை நெருங்கியதும் அப்பா கேட்டார்.

“அந்தப் பேப்பர்ல நாப்பது பேரு எழுதி இருந்துச்சுல்ல? எத்தன பேரு ஞாபகம் இருக்கு?”

“ஒண்ணுகூட இல்லப்பா.”

“எனக்கும் இல்ல” என்றார். ஆயிரம் சர்வீஸ் நம்பரைப் புத்தகம் பார்க்காமல் சொல்பவர்.

ரெண்டு மாதம் கழித்து பெரியகருப்பன் முறைப்படி லயன் கேட்டு விண்ணப்பத்தோடு அப்பாவின் மேஜைக்கு வந்தார். அவருக்குப் பின்னால் பத்துப் பேர். ஆபீஸில் எல்லோரும் அப்பாவை வியந்து பார்த்தார்களாம். என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, “சும்மா ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன்” என்றாராம்.

எனக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, பேரன் பேத்தியும் எடுத்துவிட்டேன். அணில் கதைகளை வீட்டில் யாரும் படித்ததில்லை. ஆனால் இந்தக் கதை எல்லோருக்கும் மனப்பாடம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் கரண்ட் போனால் யாரும் ஃபியூஸைப் போய்ப் பார்ப்பதில்லை. இருட்டில் எல்லா முகமும் என் பக்கம்தான் திரும்பும். யாராவது ஒருவர் கேட்பார்:

“இன்னைக்கி எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டு வந்தீங்க?”