கோட் நம்பர் சைபர்

"இஞ்சேரும், நான் என்ன ஒண்டுக்கும் உதவாதவனோ?" பே ஸ்லிப்பைச் சாப்பாட்டு மேசையில் அடித்து வைத்தார் பாக்கியராசா.

மனைவி கனகாம்பிகை கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். வரிக் கோட், அதாவது வரிக்கான குறியீட்டு எண், என்ற இடத்தில் சைபர் இருந்தது.

"உங்களுக்கு ஒண்டெல்லோ வரவேணும்? வரியில்லாமல் விடுற தொகையை உங்களுக்குத் தரேல்லை. அதுதான் உந்த வெட்டு!"

வோபர்ன் பக்கத்துப் பாண் சுடும் தொழிற்சாலையில் அவர் சேர்ந்து இரண்டு மாதம்தான். அடுத்த நாளே புது வரிப் படிவம் நிரப்பிக் கொடுத்தார். பின்னேரம் சம்பளப் பகுதி நீக்கிலாஸ் போன் எடுத்தான். அவன் படபடவென்று ஆங்கிலத்தில் ஏதோ சரிபார்க்க, இயந்திர இரைச்சலுக்குள் நின்ற இவர், "ஓம், ஓம்" என்று ஆமாம் போட்டுப் போனை வைத்துவிட்டார்.

அடுத்த ஸ்லிப்பிலும் சைபர்.

"அண்ணை, ஏதோ ஒரு பெட்டியை வெறுமையா விட்டிருப்பியள்," என்றாள் கூட வேலை செய்யும் கஜனி.

அவர் எல்லாப் பெட்டியையும் நிரப்பினார். ஒரு பெட்டிக்கு மட்டும் என்ன போடுவதென்று தெரியாமல், தன் வேலையாள் இலக்கம் 115ஐ எழுதினார். நீக்கிலாஸ் மறுபடி எடுத்தான். இவர் மறுபடி, "ஓம், ஓம்."

இந்த முறையும் சைபர் அசையவில்லை. அதோடு 115 டொலர் மேலதிகமாகப் போயிருந்தது.

"ஐயோ, அது 'கூட வரி வெட்டுங்கோ' எண்டு கேக்கிற பெட்டி!" கனகாம்பிகை தலையில் கை வைத்தாள். "காசு குடுத்தெல்லோ வெட்டுவிச்சிருக்கிறியள்!"

சனிக்கிழமை முழுக்கப் படிவத்தை வரிவரியாகப் படித்தார் பாக்கியராசா. கிரிக்கெட்டுக்குக்கூட எழும்பவில்லை. திங்கள் மத்தியானம் நேரே சம்பளப் பகுதிக்குப் போய், ஒரு சொல் பிசகாத ஆங்கிலத்தில் சொன்னார்:

"எனக்கு இது ஒரே வேலை. வரியில்லாத அடிப்படைத் தொகையை வேறெங்கும் நான் கேட்கவில்லை. ஆகவே என் கோட் ஒன்று. இந்த 115 என் இலக்கம், வரி அல்ல!"

நீக்கிலாஸ் படிவத்தைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், தட்டினான். சைபர் ஒன்றாகியது. "கூட வெட்டியதும் திரும்பி வரும், சேர்."

வாசலில் எட்டிப்பார்த்தவர்கள் கைதட்டினார்கள். "அண்ணை, என்ரையையும் ஒருக்காப் பாருங்கோ!" என்று கஜனி ஸ்லிப்பை நீட்டினாள். பின்னால் இன்னும் நாலைந்து கைகள் நீண்டன.

பாக்கியராசாவின் நெஞ்சு இரண்டங்குலம் விரிந்தது. "இனிமேலாவது ஆளைக் கேட்டுவிட்டு எழுது," என்றார் நீக்கிலாஸிடம்.

"கேட்டேனே, சேர்!" என்றான் அவன் பரிதாபமாக. "'கோட் ஒன்றா, ஓவா?' என்று இரண்டு தடவையும் போனில் கேட்டேன். சைபரை நாங்கள் 'ஓ' என்றுதானே சொல்வோம். நீங்கள்தானே 'ஓ... ஓ...' என்றீர்கள்!"