ஜீப்பின் முன்சீட்டுக்கு மூவர் பொருத போர்

எழுகடல் கடந்தும் புகழ் பரப்பியவரும், எண்டிசைக் குழந்தைகளின் கண்ணீரை வழுவழுத்தாளில் வண்ணவண்ணமாய் அச்சிட்டு உலகுக்குக் காட்டியவரும், காப்பியில் சர்க்கரை சற்றே கூடினும் கண்சிவக்கும் கடுஞ்சினத்தவரும், அகில உலகக் குழந்தைகள் அபயச் சங்கத்தின் தலைமை இயக்குநருமாகிய ஞானசிகாமணி என்னும் ஆண்சிங்கத்தை முதற்கண் வணங்குகிறேன். அவர் வலப்புறம் நின்ற, கறுப்புக் கண்ணாடியும் கடுகடுப்பும் ஒருபோதும் கழற்றாத துணை இயக்குநர் அம்மையாரை வணங்குகிறேன். இடப்புறம் நின்ற நிதி இயக்குநரையும் வணங்கித் தொலைக்கிறேன். இம்மூவரும் சேர்ந்ததற்கு மூத்த தலைமைக் குழு என்று பெயர்.

எண்பத்திரண்டாம் ஆண்டுப் புரட்டாசியில் ஒரு காலைப்பொழுது, போடிநாயக்கனூரில் மலைக்கு ஆளேற்றும் ஜீப்புகள் அணிவகுக்கும் திடலில் அம்மூவரும் எழுந்தருளினர். போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்தில் சங்கம் கட்டி முடித்திருந்த பிள்ளைக் காப்பகத்தை அன்று அவர்கள் திறந்து வைக்க வேண்டும். கதவின் சாவி பட்டுக்குஞ்சம் கட்டி ஞானசிகாமணியாரின் கோட்டுப் பைக்குள் துயின்றது. அவர்களைக் கையோடு கூட்டிப் போக மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள் செல்லக்கிளி. அத்தோட்டத்தில் ஏலக்காய் எடுப்பவள் அவள். இடுப்பில் இன்னும் நடை பழகாத மகள். காய் எடுக்கும்போது பிள்ளையை மரத்தில் சேலைத்தொட்டில் கட்டிப் போட்டுவிடுவாள். போன வாரம் அட்டை ஏறிப் பிள்ளையின் காது மடலெல்லாம் ரத்தமாகிவிட்டது.

அதைக் கண்ட தோட்டத்து முதலாளி கங்காணி மொக்கச்சாமியை வைய, மொக்கச்சாமி செல்லக்கிளியிடம் கட்டன்ரைட்டாகச் சொல்லிவிட்டான். "தெறப்பு விழாவுக்கு மறுநாள்ல இருந்து பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குள்ள வராத. காப்பகம் தெறந்தா அங்க விட்டுட்டு வா. தெறக்கலேன்னா வீட்டுலயே இரு. எனக்கு வேற ஆளு இருக்கு." செல்லக்கிளிக்கு வேறு பிழைப்பு கிடையாது.

இனிப் போர் மூண்ட கதை கேளுங்கள். போடி மலைப்பாதைக்கென்று ஒரு சட்டம் உண்டு. அதை எந்த மன்னனும் இயற்றவில்லை. வயிறு புரட்டுகிறவர்களுக்கு முன்சீட்டு. மற்றவர்கள் பின்னால் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு வர வேண்டியதுதான். தோட்டத்து முதலாளியானாலும், கல்யாண மாப்பிள்ளையானாலும் இதுதான் முறை. ஜீப்பு ஓட்டும் ராக்கையா அம்முறைப்படியே வாயைத் திறந்தான்.

"வாந்தி வர்றவுக யாரு? அவுக முன்னால ஏறுங்க. வெரசா ஏறுங்க, மத்தியானத்துக்கு மேல மெட்டுல மஞ்சு எறங்கி வழிய மறைச்சிரும்."

ஞானசிகாமணியாரின் மீசை துடித்தது, மார்பு விம்மியது, திடலில் நின்ற கோழி ஒன்று சிறகடித்து அகன்றது. "கேள் சாரதியே, கப்பலில் கடல் கடந்தவன் யான். விமானத்தில் விண் அளந்தவன் யான். வாந்தி என்னும் இழிசெயல் எம் வம்சத்திலேயே இல்லை" என்று முழங்கினார்.

"அப்பச் சரிங்கய்யா. நீங்க பின்னால ஏறுங்க" என்றான் ராக்கையா.

அக்கணமே துணை இயக்குநர் அம்மையார் வாய்ப்பைக் கவ்விக்கொண்டார். தாம் கொடைக்கானல் ஏறியபோது எடுத்த வாந்தியையும், உதகை ஏறியபோது எடுத்த அதனினும் பெரிய வாந்தியையும் இடம் சுட்டிப் பொருள் விளக்கி எடுத்துரைத்து, முன்சீட்டின் மேல் தம் கைப்பையை வெற்றிக்கொடியென நாட்டினார். நிதி இயக்குநர் சும்மா இருப்பாரா? ரயிலில் எடுத்தேன், மாட்டுவண்டியில் எடுத்தேன், மணவறையில் மாலையும் கழுத்துமாய் உட்கார்ந்திருந்தபோதும் எடுத்தேன் என்று அவர் அறைகூவ, வம்சப்பெருமையை அந்த நொடியே காற்றில் பறக்கவிட்ட ஞானசிகாமணியார், நடுக்கடலில் தாம் எடுத்த வாந்தியால் கப்பல் தலைவனே கலங்கியழுத கதையை உரத்த குரலில் ஓதத் தொடங்கினார். உலகக் குழந்தைகளின் பசியைப் பற்றி மேடை மேடையாய்ப் பேசிய நாக்குகள் ஐயா இவை. திடலில் வெற்றிலை விற்ற மூக்கம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போய்விட்டாள்.

செல்லக்கிளி இரண்டு தரம், "நேரமாகுதுங்கய்யா" என்று சொல்லிப் பார்த்தாள். யார் காதிலும் ஏறவில்லை.

சங்கத்துக்கு ஒரு விதி உண்டு. மூத்த தலைமைக் குழுவின் எந்த முடிவும் ஒருமனதாகவே இருந்தாக வேண்டும். ஒருவர் முகம் கோணினாலும் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும். எனவே மூவரும் அருகிருந்த டீக்கடையையே அரசவையாக்கி அமர்ந்தனர். வடை வந்தது, டீ வந்தது, முடிவு மட்டும் வரவில்லை. பதவியில் மூத்தவருக்கே என்றார் ஒருவர். வயதில் மூத்தவருக்கு என்றார் மற்றவர். உடல் பருத்தவருக்கு என்றார் மூன்றாமவர், தம் வயிற்றைத் தடவியபடி. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகுதான் நிதி இயக்குநரின் மூளையில் அந்த மகத்தான திட்டம் உதித்தது. மலையேறும் வழியில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஜீப்பை நிறுத்தி, முன்னிருப்பவர் இறங்க, பின்னிருப்பவர் ஏற, முறைவைத்து மூவரும் முன்சீட்டை ஆள்வது என்பதே அத்திட்டம். எவன் பெற்ற பிள்ளையோ இதற்கெல்லாம் சம்பளம் கொடுக்கிறான்.

அடிவாரத்து முந்தல் தாண்டி மலை ஏறியது ஜீப்பு. முதல் வளைவில் மாண்புமிகு இறக்கம், மாண்புமிகு ஏற்றம். இரண்டாம் வளைவிலும் அதுவே. ஒவ்வொரு தரமும் கைப்பை மாறியது, குடை மாறியது, கோட்டு மடிப்பு நீவப்பட்டது, பின்னால் வந்த லாரிக்காரர்கள் வாய்க்கு வந்தபடி வாழ்த்திவிட்டுப் போனார்கள். பின்னால் ஸ்டெப்னி டயரின் மேல் குந்தியிருந்த செல்லக்கிளியின் தோளில் பிள்ளைதான் கக்கியது. மூவரில் ஒருவருக்கும் ஓர் ஏப்பம்கூட வரவில்லை. அவள் முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு முன்சீட்டைக் கொடுக்க அந்தக் குழந்தைகள் சங்கத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு வயிறு எரிகிறது.

பாதி மலையில் பாதை சற்றே வளைந்தது. முழு வளைவுமில்லை, நேருமில்லை. அதுவும் கணக்கில் சேரும் என்று ஞானசிகாமணியார் குதித்திறங்க, சேராது என்று முன்சீட்டில் இருந்த அம்மையார் கம்பியைப் பற்றிக்கொள்ள, இந்திரனே வந்து இழுத்தாலும் எழேன் என்று அவரும், எழுப்பாமல் அகலேன் என்று இவரும் சூளுரைத்து, நிதி இயக்குநர் நடுவில் நின்று இருபக்கமும் ஏச்சு வாங்கி, ஒருமனது என்னும் விதி மறுபடி உயிர்த்தெழுந்து, நெடுநேரம் அந்த அரைவளைவிலேயே சங்கம் கூடியது.

அப்போதுதான் மெட்டின் மேலிருந்து மஞ்சு இறங்கிற்று. இறங்கி, பாதையை மூடி, பள்ளத்தை மூடி, ஜீப்பின் மூக்கையும் மூடியது.

"இனி ஏத்த முடியாதுங்கய்யா. சக்கரம் எங்க போகுதுன்னே தெரியல. திருப்புறேன்" என்றான் ராக்கையா.

செல்லக்கிளி பிள்ளையோடு கீழே குதித்தாள். ஞானசிகாமணியாரின் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"அய்யா, சாவிய மட்டும் குடுங்க. நான் நடந்தே போயித் தெறந்துக்கிறேன். இன்னிக்குத் தெறக்கலேன்னா எனக்குச் சோலி போயிரும்யா."

மூத்த தலைமைக் குழு தன் பூசலை மறந்து ஒன்றுகூடியது. ஞானசிகாமணியார் வலக்கை உயர்த்திப் பிரகடனம் செய்தார்: "பெண்ணே, ரிப்பன் வெட்டப்படாமலும், புகைப்படம் எடுக்கப்படாமலும், யாம் முன்னிலை வகிக்காமலும் திறக்கும் கதவு, திறந்த கதவாகாது. குழந்தைகளின் நலன் கருதியே இவ்விழாவை ஒத்தி வைக்கிறோம். அடுத்த ஆண்டு வருவோம்." மற்ற இருவரும் உடனே தலையசைத்தனர். ஒரு முன்சீட்டுக்கே உச்சிவெயில்வரை முடிவு காணத் திணறிய அம்மூவரும் இதற்கு மட்டும் ஒரே நொடியில் ஒருமனப்பட்டார்கள்.

செல்லக்கிளி அந்தக் கோட்டுப் பையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மஞ்சுக்குள் மேல் நோக்கி நடந்தாள்.

ஜீப்பு திரும்பியது. திரும்பியதும், இறங்கும் வழியில் முதல் முறை எவருடையது என்னும் மாபெரும் வினா எழுந்து, ஏறும்போது விட்ட இடத்திலிருந்தே இறங்கும்போதும் தொடர வேண்டும் என்று அம்மையார் ஆர்ப்பரிக்க, கணக்கை முதலிலிருந்தே தொடங்க வேண்டும் என்று நிதி இயக்குநர் கர்ச்சிக்க, மலையே தன் முன்சீட்டு என்பதுபோல் ஞானசிகாமணியார் நடுப்பாதையில் கால் அகட்டி நிற்க, குடையோடு குடை மோத, கைப்பையோடு கைப்பை பொர, கறுப்புக் கண்ணாடி தெறித்துக் காட்டுக்குள் பாய, குரங்கணி மலையும் கொட்டகுடி ஆறும் கிடுகிடுக்க, பகையழிக்கும் பெருஞ்சேனைபோல் அவர்கள் வளைவுக்கு வளைவு பொருது பொருது போடி வந்து சேர்ந்தனர்.

மறுநாள் செல்லக்கிளி வேலைக்குப் போகவில்லை.