குடலப்பனும் ஒரு கிரேக்கச் சொல்லும்

ஒரு கிரேக்க வினைச்சொல்லுக்காக வேலையைத் தொலைத்த தமிழர் மலாக்கா மாநிலத்திலேயே ஒருவர்தான். பாச்சாங்கில் எங்கள் லோரி கம்பெனியில் கணக்கராக இருந்தவர். டிரைவர்கள் வைத்த பெயர் குடலப்பன். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

யூடியூப் பார்த்துக் கிரேக்கம் படித்தவர். தமிழ் பைபிளில் இயேசு ‘மனதுருகினார்’ என்று வரும் இடங்களில் மூலச்சொல் ‘ஸ்ப்லாங்க்னிசோமாய்’ என்பார். குடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததாம். டிரைவர்களின் வாயில் அந்தச் சொல் நுழையவில்லை. குடல் மட்டும் நின்றுவிட்டது.

அதை மற்றவர்கள் சாப்பிடும் நேரம் பார்த்துத்தான் விளக்குவார்.

“உருகுறதுக்கு மனசு என்னா பட்டரா? அடுத்தவன் கஷ்டத்தப் பாத்தா கொடலு பொரளணும் லா. இங்க, இந்த எடத்துல,” என்று பக்கத்திலிருப்பவர் வயிற்றைத் தொட்டுக் காட்டுவார். ஆட்டுக்குடல் பிரட்டலும் கையுமாக இருந்த நான் ஒருமுறை தட்டோடு எழுந்து ஓடியிருக்கிறேன்.

ஜாசின் பக்கம் லோரி கவிழ்ந்து டிரைவர் முனியாண்டிக்குக் கால் போனது. பிரேக் சரியில்லை என்று அவர் முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஆஸ்பத்திரிக்கு எங்களோடு முதலாளியும் வந்தார். சபையில் பெரிய மனிதர். கட்டிலருகே நீளமாக ஜெபம் செய்துவிட்டு, “ஒன்னப் பாத்து மனசு உருகிடுச்சுப்பா,” என்று கிளம்புவதற்குக் கார்ச் சாவியைக் கையில் எடுத்தார்.

குடலப்பன் விடவில்லை. “பாஸ், பைபிள்ல அந்த வார்த்த வர்ற எடத்துல இயேசு சும்மா போனதே இல்ல. தொட்டாரு, சொகமாக்குனாரு, சோறு போட்டாரு. நீங்க என்னா செய்யப் போறீங்க?”

முதலாளி நிதானமாகச் சொன்னார்: “ஒன்ன வேலைய விட்டு நிப்பாட்டப் போறேன்.”

முனியாண்டிக்குக் கம்பெனியிலிருந்து எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அவர் கோபம் முதலாளி மேல் போகவில்லை. “இந்த ஆளு வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா பாஸ் ஏதாச்சும் செஞ்சிருப்பாரு,” என்று குடலப்பன் காதுபடவே சொன்னார். முதலாளிக்குச் சபையில் இன்றும் முன்வரிசை.

முனியாண்டி வீடு லூபோக் சீனா என்கிற ஊரில். ஞாயிறுதோறும் குடலப்பன் தன் பழைய மோட்டார் சைக்கிளில் அங்கே சோறும் குழம்பும் கொண்டுபோகிறார். முனியாண்டி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவர் மனைவிதான் டிபன் கேரியரை வாங்கிக்கொள்வார்.

“மொகம் குடுத்துக்கூடப் பேச மாட்டேங்கிறாரு. ஏன்ணே போறீங்க?” என்று கேட்டேன்.

“அவரு கோவம் ஞாயந்தான் லா. அன்னைக்கு அப்படிக் கேட்டதுல எனக்குத்தான் சந்தோஷம். அவருக்கு என்னா கெடச்சிச்சு?”

இப்போதெல்லாம் அவர் கிரேக்கம் பேசுவதில்லை. முனியாண்டி வீட்டுக்குப் போகிற வழி லோரிகள் பறக்கும் சாலை. ஞாயிறு மதியம் மழை பிடித்துக்கொண்டால், வீடு வந்து சேர்ந்து அவர் போன் செய்கிறவரை எனக்கு இருப்புக் கொள்வதில்லை.