சிக்னல் சாமியும் பிந்திப் பேசிய ஆவிகளும்

மண்டபம் பிதுங்கி வழிந்தது. “மேலுலகத்தோடு நேரடி வயர்லெஸ்! இமைக்கும் நேரத்தில் பதில்!” என்று வாசலில் பலகை. உயிரோடிருக்கும் நமக்குக் குளியலறையில்கூடச் சிக்னல் கிடைப்பதில்லை. செத்தவர்களுக்குத் தடங்கலே கிடையாதாம்! சிக்னல் சாமி கண்ணை மூடுவார். கேள்வி முடிவதற்குள் பதில் கொட்டும்.

மருமகளோடு வந்திருந்த ஒரு மாமியாரிடம், இறந்துபோன மகன் போன வாரம் சாமி வழியாகப் ‘பேசி’, நெஞ்சுவலி மாத்திரையை நிறுத்தச் சொன்னானாம். மாமியார் நிறுத்திவிட்டார். நாலு படி ஏறியதற்கே மூச்சு இரைத்தது.

“அவர் இருந்தா இப்படிச் சொல்வாரா அத்தை?” என்றாள் மருமகள்.

“சாமி மாத்திரையோட நிறத்தைக்கூடச் சொன்னாரேடி!”

“வாசல்ல தொண்டர்கிட்ட நீங்கதானே எல்லாத்தையும் ஒப்பிச்சீங்க?”

மருமகளுக்குக் கார் தொழிற்சாலையில் வேலை. அங்கே இயந்திரக் கைகள் வயர்லெஸில் ஓடும். ‘நில்’ என்ற கட்டளை கொஞ்சம் பிந்தினாலும் கதவைத் தூக்கும் கை ஆளைத் தூக்கிவிடும். அதனால் அவற்றுக்கென்றே தனி அலைவரிசை. வேறு எவரும் நுழைய முடியாது. இந்தப் புழுக்கத்திலும் காதை மூடித் தலைப்பாகை கட்டியிருக்கும் சாமிக்கு அப்படித் தனிவழி உண்டா, மண்டபத்து வைஃபைதானா?

அவள் எழுந்தாள். “சாமி பெருமையை உலகமே பார்க்கட்டும்! எல்லாரும் மண்டபத்து வைஃபையில நேரலை போடுங்க!”

புகழ் என்றதும் சாமியே கையுயர்த்தி ஆசி வழங்கினார். கைப்பேசிகள் காடாக எழுந்தன.

“எங்கப்பா எப்படி இருக்காரு சாமி?” என்றான் ஒருவன். சாமி இருமினார், காதைச் சொறிந்தார், பதிலைக் காணோம்.

அடுத்தவள் முந்தினாள். “என் பொண்ணுக்கு எப்ப கல்யாணம்?”

“மேலே போய்ச் சேர்ந்தாச்சு, சுகம்தான்!”

“ஐயோ, வீட்ல துணி மடிச்சிட்டு இருக்காளே!”

“பல்லு வலி உயிர் போகுது சாமி!” என்றார் ஒரு தடித்த மனிதர்.

“அடுத்த மாசம் மாப்பிள்ளை வருவார்!”

“பல் டாக்டர் மாப்பிள்ளையா?”

மாமியார் எழுந்தார். “கண்ணு, மாத்திரையை மறுபடி போடட்டுமா?”

“பிடுங்கி எறி!”

“எதைப்பா?”

சாமி பொறுமை இழந்தார். “டேய், எதுக்குடா எதைச் சொல்றே?” என்று தன் காதுக்கே கத்தினார்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. யாரோ தலைப்பாகையை உருவ, காதிலிருந்து பொத்தான் அளவில் ஒரு கருவி விழுந்தது. பின்னறைக் கதவைத் திறந்தால், மடிக்கணினியும் மைக்குமாக வாசல் தொண்டர்! அத்தனை நேரலையில் வைஃபை திணறி, ஒவ்வொரு பதிலும் ஒரு கேள்வி பிந்தி வந்ததில், ஆவிகளுக்கும் வாய் குழறியிருந்தது.

மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. “அப்ப எம்புள்ளை பேசலையா?”

“இல்லை அத்தை.” அந்தக் குரலுக்காக அவளும்தான் ஏங்கியிருந்தாள்.

கிழவி மருமகளிடம் கை நீட்டினார். “மாத்திரை வச்சிருக்கியா?”

செத்தவர்கள் பேச மாட்டார்கள். உயிரோடிருப்பவர்களாவது, காது குத்திக்கொள்ளத் தலையை நீட்டுமுன், அந்தத் தலைக்குள் இருப்பதைக் கொஞ்சம் செலவழித்தால் என்ன?