வீட்டுக்குள் நடக்கும் ஜன்னல்

அன்புப் பேத்திக்கு,

பாட்டி எழுதுவது. இங்கே முழங்கால் தவிர எல்லாம் சௌக்கியம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்குப் போனே வழி சொல்ல வேண்டும் என்று நீ செய்கிற ஆப்புக்காக, நம் வீட்டில் ஒட்டிப் பார்க்கிற ப்ளூடூத் பொத்தான்கள் சமாச்சாரம்தான், பக்கத்தில் வருகிற போனிடம் தான் ஒட்டியிருக்கிற இடத்தின் பேரைச் சொல்லுமே, அவை. வெள்ளை ரகமா நீல ரகமா என்று திங்கட்கிழமை முதலாளிக்குச் சொல்ல வேண்டும், தோற்றதைக் கழற்றிக்கொண்டு போய்விடுவேன் என்றாய். நேற்று போனில் கத்தினாய்: "பாட்டி, நீலத்துல கோளாறு! மேப்புல ஜன்னல் சமையலறைக்குப் போகுது, குளிக்கிற ரூமுக்குப் போகுது. ஜன்னல் எங்கயாவது நடக்குமா?" நான் போனை வைத்துவிட்டேன். இதோ பதில். வெள்ளையே வாங்கு.

ஏனென்றால் வெள்ளை என் போன் ரகத்தோடு மட்டும்தான் பேசும். நீலம் எல்லாப் போனோடும் பேசும், என் ஓரகத்தி, அதான் உன் சின்னப் பாட்டி, கழுத்தில் தொங்கவிட்டிருக்கிற பழைய போனோடுகூட. அது எனக்கு ஆகாது. உன் அம்மா பிறந்த அன்று தொட்டிலை எட்டிப் பார்த்து, "மூக்கு அப்படியே அக்கா மூக்கு, பாவம்" என்றவள் அவள். மஞ்சள் புடவை, கொசுவத்தில் எண்ணெய்க் கறை, கையில் என் டம்ளர். அன்றோடு பேச்சு நின்றது. ஒரே வீட்டில் இருந்தும் சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

மத்தியானம் வெயில் தரையில் படுத்துக்கிடக்கும்போது இந்த வீடே தூக்கத்தில் உளறுகிறது. அடுப்படியில் நின்றாலும் என் போன் "ஜன்னல் அருகில்" என்கிறது. எனக்கே சந்தேகம் வந்து, சுவருக்கு அந்தப் பக்கம் வானம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். அவளுக்கோ பார்வை மங்கிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் போனும் "ஜன்னல் அருகில்" என்கிறது. முகத்தைத் தூக்கி, "காத்து நல்லா வருது" என்கிறாள். காற்றாவது மண்ணாவது! எதிரே நான்தான் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறேன். அப்புறம் ஜன்னலிடம் கதை பேச ஆரம்பித்தாள். "அக்காவுக்கு என்மேல கோவம். அழகான மூக்கு, அதுல போட நல்ல மூக்குத்தி இல்லயேன்னுதான் பாவம்னேன்." பார்த்தாயா, சமாதானத்திலும் ஒரு குத்து!

ஆகவே வெள்ளை. நேரத்தோடு தூங்கு. நல்லதெல்லாம் விலாசம் கேட்காமல் உன்னிடம் வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
பாட்டி

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. நீலத்தை வாங்கு. அதில் ஒரு கோளாறும் இல்லை. கண்ணாடி துடைக்கும்போது ஜன்னலில் ஒட்டிய நீலப் பொத்தான் கழன்று விழுந்தது, இடுப்பில் செருகினேன், இன்னும் எடுக்கவில்லை. வெள்ளை என்றால் நான் வருவது அவளுக்குத் தெரியாது. இன்று காலை அவள் போன் "ஜன்னல் அருகில்" என்றதும் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள். "எவ்வளவு நேரம் நிப்ப? முழங்கால் வலிக்கப் போகுது, உக்காரு."

உட்கார்ந்தேன். மன்னிக்கவில்லை. உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.