நெவிலின் கடைசி எச்சரிக்கை

கறிக்கடைக்கென்று தனியாகக் கொடுத்திருந்த முகவரிக்கு ஆண்மை மாத்திரை விளம்பரம் வந்திருந்தது.

"பிடிச்சிட்டேன்" என்றார் நெவில்.

சொந்தப் பெயரில் இணைய முகவரி வாங்கியதிலிருந்து, அவர் ஆளுக்கொரு மின்னஞ்சல் முகவரி கொடுத்துவந்தார். கறிக்கடைக்கு ஒன்று, ரொட்டிக்கடைக்கு ஒன்று, புல்வெளியில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்புக்கு ஒன்று. எதில் குப்பை மெயில் விழுந்தாலும், விற்றவன் யாரென்று தெரிந்துவிடும். ஆஸ்திரேலியாவில், மரே ஆற்றங்கரையில் ஒரே ஒரு கடைத்தெரு உள்ள ஊருக்கு இப்படி ஓர் உளவுத்துறை அவசியம்தான்.

"கறிக்கடை கார்மெலோ உன் முகவரியை வித்துத்தான் மாளிகை கட்டப்போறானாக்கும்" என்றாள் மனைவி லோரெய்ன். "அதை விடு. கிளப்புக்குப் பதில் போட்டியா? வெள்ளிக்கிழமைக்குள்ள சம்மதம் சொல்லலைன்னா கேப்டன் பதவி கீத்துக்குப் போயிடும்."

"போடுறேன், போடுறேன்."

தலை நரைக்கும்வரை காத்திருந்து கிடைத்த பதவி அது. இருந்தாலும் நீதி முதலில்.

கார்மெலோவுக்குக் கண்டித்து ஒரு மெயில் எழுதினார். பதில் இல்லை. நேரில் போனார்.

"வாப்பா நெவ். சாசேஜ் இப்பத்தான் போட்டேன், தரட்டா?"

"குடு. மழை வருமோ?"

"எங்க வருது."

அந்த ஊரில் முகத்துக்கு நேரே யாரும் சண்டை போடுவதில்லை. மழையைப் பற்றிப் பேசிவிட்டு, வீட்டுக்குப் போய் எழுதுவார்கள். நெவிலும் சாசேஜோடு வீடு திரும்பினார்.

"என்னா நடிப்பு. முகத்துல ஒரு சலனம் இல்ல."

"கறி வெட்டுறவன் முகத்துல உனக்கு என்ன சலனம் வேணும்?" என்றாள் லோரெய்ன்.

மறுநாள் ரொட்டிக்கடை முகவரிக்கும் மாத்திரை வந்தது. அடுத்து கிளப் முகவரிக்கே வந்துவிட்டது. நெவில் பொறுமை இழந்தார். ஊர் மொத்தத்துக்கும் ஒரே மெயில். சிவப்பு எழுத்தில் 'அவசரம்! கடைசி எச்சரிக்கை!' என்று தலைப்பு. ஆதாரமாக அந்த மாத்திரை விளம்பரத்தையே இணைத்து, 'உண்மையை அறிய இங்கே அழுத்தவும்' என்று அடியில் சேர்த்தார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"பாத்தியா? குத்தமுள்ள நெஞ்சு. ஊரே கூட்டு."

"ஊரே சேர்ந்து கூட்டுக் களவாணித்தனம் பண்ணுற அளவுக்கு உன்கிட்ட என்ன இருக்கு நெவ்?"

அவர் அசரவில்லை. கடைசி எச்சரிக்கையைத் தினமும் அனுப்பினார். வெள்ளிக்கிழமை காலை, மறக்காமல் கிளப்புக்கும் எழுதினார்: 'அவசரம்! கேப்டன் பதவிக்குச் சம்மதம்!'

சனிக்கிழமை, இஸ்திரி போட்ட வெள்ளை உடையில் மிடுக்காகக் கிளப்புக்குள் நுழைந்தார். கேப்டன் பேட்ஜைக் குத்திக்கொண்டு புல்வெளி நடுவில் நின்றிருந்தான் கீத்.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெரில் அவரை ஓரமாக இழுத்தாள்.

"ஒரு வார்த்தை பதில் போட்டிருக்கலாம்ல நெவ்? உனக்கு விருப்பமில்லை போலன்னு நினைச்சு கீத்துக்குக் குடுத்துட்டாங்க."

நெவில் வாயைத் திறந்தார். பெரில் அவர் தோளைத் தட்டிக் குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னொண்ணு, பதறாதே. எவனோ ஒரு மோசடிப் பய உன் பேர்ல ஊருக்கெல்லாம் மாத்திரை விளம்பரம் அனுப்புறான், நேத்து கேப்டனாகச் சம்மதம்னுகூட ஒண்ணு விட்டான். நம்ம நெவ் அவ்வளவு கிறுக்கனில்லைன்னு நான்தான் சத்தியம் பண்ணி, எல்லாரையும் அதைக் குப்பையில தள்ள வச்சிருக்கேன்."